இடது மணிக்கட்டு

மேக்ராத் ரோட்டில் மழை.
காலரிக்கு அடியில், பழைய டிக்கெட் அறையில்
நானும் மடிக்கணினியும் ஒழுகும் ஒரு மூலையும்.
ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்:
இந்தப் பருவத்தில் எடுத்த ஆறு பையன்கள்,
பத்துக்கு எத்தனை.
முதலாளி போனில் சொல்லிவிட்டார்,
"கதை வேண்டாம் மேடம், எண் போடுங்க."

ரெம்ருவாதா, ஐஸ்வால் கோலி.
உயரம் போதாது என்கிறார்கள்.
பந்து கிளம்புமுன்னே இவன் கிளம்பிவிடுகிறான்,
சில நாள் தப்பான பக்கம்.
தப்பும்போதும் முழு உடம்போடு தப்புகிறான்.
ஏழு.

மலப்புறத்து ஷஹ்பாஸுக்கு எட்டு, யோசிக்கவே இல்லை.
வேறொரு கிளப் அவனை விசாரிக்கத் தொடங்கிவிட்டது.
பந்தை வாங்குமுன் தோளுக்குப் பின்னால்
இரண்டு முறை பார்க்கிற பையன்,
அதையும் பார்த்திருப்பான்.

போபோ ஓடுகிறான்.
ஆட்டத்துக்குப் பதினொன்றரைக் கிலோமீட்டர்
என்கிறது முதுகில் கட்டிய கருவி.
எங்கே ஓடினான் என்று வரைபடத்தைத் திறந்தால்
பந்து இல்லாத இடமெல்லாம் சிவந்து கிடக்கிறது.
ஐந்து. இல்லை, ஐந்தரை.
அவன் அம்மா இம்பாலிலிருந்து கொடுத்தனுப்பிய மிளகாய்
என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
அந்த அரை அதற்காக இல்லை.
கொஞ்சம் அதற்காகவும்தான்.

மொயீன், நீலசந்திரா. முழங்கால்.
அறுவை முடிந்து இரண்டாவது மாதம்,
மொத்தம் நாற்பது நிமிடம் ஆடியிருக்கிறான்.
கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்தேன்.
கோடு எண் அல்ல என்று கட்டம் சிவந்தது.
பூஜ்யம் போட்டதும் ஏற்றுக்கொண்டது.
பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாவது பெயரைத் தாண்டி ஆறாவதுக்குப் போனேன்:
தார்வாட் கிரீஷ் ஹொசமனி.
பெஞ்சில் உட்காரப் பழகிவிட்டான்,
அதுதான் கவலை. ஆறு.

சரி,
ஐந்தாவது.

இன்பராஜ், கௌதம்புரா, இடது விங்.
இவனை மறித்த வலது பேக்குகளில் மூன்று பேர்
இடைவேளையோடு வெளியே போனார்கள்.
ஒருவன் மட்டும் காயம் என்று சொன்னான்.
பந்தைத் தொடாமலே ஒரு தோளை லேசாகச் சாய்ப்பான்,
எதிராளி பாதி ஸ்டேடியத்தை
அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவான்.

ஆனால் அவன் பெயருக்கு அடியில் இன்னொரு கோப்பு,
இடது மணிக்கட்டின் எக்ஸ்ரே.
வளர்கிற எலும்பின் நுனியில் ஒரு கறுப்பு இடுக்கு இருக்குமாம்,
சரியாகச் சாத்தாத கதவு மாதிரி.
இவனுக்குச் சாத்திவிட்டது.
சான்றிதழில் பதினேழு.
"இருபதாவது இருக்கும்,"
டீயை ஊதிக்கொண்டே சொன்னார் ஸ்கேன் டாக்டர்.

வெள்ளிக்கிழமை கேட்டேன்.
வீட்டுச் சாவியால் பூட்ஸ் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
மறுக்கவில்லை.
"அந்த மூணு வருஷம்
கலாசிபாளையத்துல மூட்டை எறக்கினேன் அக்கா.
ஒரு நாள்கூட ஆடல.
அதை எதுக்குச் சேக்கணும்?"

வயதுக்குக் கட்டம் உண்டு.
ஆடாத வருஷத்துக்குக் கட்டம் இல்லை.
எலும்புக்குக் கணக்கு ஒன்றுதான்,
மூட்டை தூக்கினாலும் அது வளர்ந்துகொண்டேதான் இருந்தது,
அவன் தூங்கும்போதும்,
லாரி வராத ஞாயிற்றுக்கிழமைகளிலும்.
அவனுக்குப் பின்னால் வரிசையில்
நிஜமாகவே பதினேழு வயதில் ஒருவன் நிற்கிறான்.
அவன் பெயர் எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பது இன்றைக்கு வசதியாக இருக்கிறது.

ஐந்து ஐம்பத்திரண்டு.
வெளியே, தண்ணீர் தேங்கிய செயற்கைப் புல்லில்
யாரோ கார்னர் அடித்துப் பார்க்கிறார்கள்.
யார் என்று எட்டிப் பார்க்கவில்லை.
பந்து விளம்பரப் பலகையில் மோதும் சத்தம்,
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
அவனே போய் எடுத்து வருகிறான் போல,
மறுபடி சத்தம்.

வயது: இருபது என்று திருத்தினேன்.
பத்துக்கு: ஒன்பது.
எந்தக் கட்டத்தை முதலில் படிப்பார்கள் என்று தெரியும்.
தெரிந்துதான் அனுப்பினேன்.

திரையில் வட்டம் சுற்றி நின்றது.
மடிக்கணினியை மூடி, குடையைத் தேடி,
படியில் கால் வைத்தபோதுதான்
மொயீனின் பூஜ்யம் ஞாபகம் வந்தது.